இது இல்லை

மூத்தவனுக்கு முன்க்பாத் என்று வைத்தோம்.
நித்தியம், உறுதி.
பத்தொன்பது நாள்.
அடுத்தவன் பெயரை நான் சொல்வதில்லை,
அதில் இரும்பு இருந்தது.

மூன்றாவது பிறந்த அன்று
அர்வைகேர் ஆஸ்பத்திரிச் சன்னலில்
பனி உள்பக்கமாக உறைந்திருந்தது.
கன்சோரிக் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான்.
வெளிநாட்டுப் பெயர்கள். ஒரு குத்துச்சண்டைக்காரன்.
ஒரு கார்.
கார் வேண்டாம் என்றேன்.
சிரித்தான், கொஞ்சம் அழுதான்,
சிகரெட் பிடிக்கக் கீழே போனான்.

காதில் ஓதுவது அப்பன் வேலை.
அவன் படியேறி வரும்வரை
எனக்குப் பொறுக்கவில்லை.
குனிந்து மூன்று முறை சொன்னேன்:
எனெபிஷ்.
இது இல்லை, இது இல்லை,
இது இல்லை.

பதிவேட்டில் எழுதிய பெண்
ஏன் என்று கேட்கவில்லை.
எழுத்துக்கூட்டி ஒருதரம் வாசித்தாள்.
பிறகு தன் பையைத் துழாவி
காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை
என் பக்கம் நகர்த்தினாள்.

இனி எது வந்து கதவைத் தட்டி
எந்தப் பிள்ளை என்று கேட்டாலும்
பதில் தயார்.
பொய்யும் இல்லை, பெயர்தானே.

நாலாம் மாதம் தடுப்பூசி.
நர்ஸ் அட்டையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள்.
"எந்தக் குழந்தை?"
"எனெபிஷ்."
"இதுதானே?" என்று
தொடையைப் பிடித்துவிட்டாள்.

ஊசி ஏமாறவில்லை.
அவன் போட்ட கத்தலில்
நடைக்கூடத்தின் கடைசி பெஞ்சுவரை திரும்பிப் பார்த்தது.
யாருடையது, யாருடையது என்று
ஒரு கிழவர் கேட்டார்.

நான் வாயைப் பொத்தினேன்.
அவனுடையதை அல்ல.