நான்கு விரற்கடை

பழைய படத்தில் இந்த ஒழுங்கை
கங்குன் கீரைப் பாத்தி.
நீலம் அதன் விளிம்போடு நின்றுவிட்டிருந்தது,
வரைந்தவருக்கு மை தீர்ந்ததுபோல.
பாத்தியை மண்போட்டு மூடி
நாற்பத்திரண்டு வீடு எழும்பிவிட்டது.
களனி கங்கைக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை.

வெல்லம்பிட்டியில் எனக்கு மூன்றாம் நாள்.
தோளில் மட்டக்கோல், கையில் சோக்கட்டி.
கதவு கதவாய்த் தட்டிக் கேட்கிறேன்:
"போன முறை தண்ணி எதுவரை வந்தது?"

தையல்கார ஜெஸீமா சுவரைக் காட்டவில்லை.
மெஷினைத் தூக்கி வைத்த தட்டைக் காட்டினாள்,
பிறகு, அதற்கும் மேல் தட்டை.
பியசீலி இடுப்பளவு என்றாள்.
யாருடைய இடுப்பு என்றதற்கு
மகனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.
அவன் அதற்குப்பின் ஓரடி வளர்ந்திருந்தான்.
மூவரும் சிரித்தோம்.
குறிப்பேட்டில் எழுதினேன்: சந்தேகம்.

ஏழாம் இலக்கத்தில் மட்டும்
சுவருக்குப் புதுப் பெயின்ட். இளமஞ்சள்.
இல்ஹாம்தீன் படியைவிட்டு இறங்கவில்லை.
"இங்க வரவேயில்ல."
கதவின் அடிப்பலகை ஊதிப்போய்
வேறு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.
"நீலம் பூசினா பேங்க் லோன் தராது, தங்கச்சி.
மேல்மாடி பாதியில நிக்குது.
உங்கட கோடு தண்ணிய நிப்பாட்டுமா?"

நிப்பாட்டாது.
மிச்சப் பதில் சுற்றறிக்கையில் இருந்தது;
வெயிலில் நின்று வாசிக்க வாய் வரவில்லை.

இரவு, கணினித் திரையில்
கோட்டை அவர் வீட்டுக்கு இப்பால் நிறுத்துவதா
அப்பால் இழுப்பதா:
வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்.
அதற்குள்தான்
லவுட்ஸ்பீக்கர் ஆட்டோ எந்த முடக்கோடு திரும்பும் என்பதும்
படகு முதலில் யாரிடம் போகும் என்பதும்.
அந்த மேல்மாடிக் கம்பிகள் இன்னும் எத்தனை மழைக்கு
துருப்பிடித்து நிற்கும் என்பதும்.
சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

பத்தரைக்குப் போன்.
"ஏழாம் இலக்கம் பேசுறன்.
பெயின்டுக்குள்ள ஒரு கோடு இருக்கு.
மூத்த மகள் பென்சிலால கீறினது.
பிளக்குக்கு மேல நாலு விரற்கடை.
சின்னவன் கீழ் அறையிலதான் படுக்கிறான்.
அவனுக்கு எழும்பி நடக்க ஏலாது."

கொஞ்ச நேரம்
அந்தப் பக்கத்து மின்விசிறி மட்டும் கேட்டது.

"யாருடைய விரல்?" என்றேன்.

"என்ட விரல்தான்.
நாளைக்கு வாங்க.
கோலையும் கொண்டு வாங்க."