நீண்ட வற்றம்

எங்கள் லாட்ஜ் இருப்பது பாபு ராவ் தெருவில்.
பதிவேட்டில் 'வந்த காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
பக்கத்தின் முதல் ஆள் 'சிகிச்சை' என்று எழுதுவார்.
கீழே எல்லோருக்கும் நானே போட்டுக்கொள்வேன்,
மேற்படி, மேற்படி, மேற்படி.

செலஸ்டின் பேனாவைப் பிடுங்கி எழுதினார்:
'மனைவிக்கு. எனக்கு ஒன்றுமில்லை.'
ஊர் பாராட்டாங்.
அது எங்கே என்றேன்.
அந்தமானில் என்றார்
காட்பாடியில் என்பதுபோல.

சாவியை வாங்கிக்கொண்டு கேட்டார்:
"கடல் எந்தப் பக்கம் தம்பி?"
வேலூரில் கேட்கிற கேள்வியா?
பேனாவால் கிழக்கே காட்டினேன்.
சலூன், ஸ்கேன் சென்டர், வங்காளத்தில் பெயர் எழுதிய மெஸ்,
அதற்கப்பால் நூற்று நாற்பது கிலோமீட்டர்.

அவர் படகோட்டி.
சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால் வழியே
பத்துப் பத்துப் பேராக ஏற்றிப்போய்
சுண்ணாம்புக் குகையைக் காட்டுவது வேலை.
மூன்றாம் மாடியில் வாடகை ஸ்டவ்வில்
மீன் கொதிக்கும்போது சொன்னார்:
"உள்ளே போனதும் எல்லாரும் கத்திப் பார்ப்பாங்க.
தொடாதீங்கன்னு நான் கத்துவேன்.
சொட்டுச் சொட்டா வளர்ற கல்லு அது.
கை பட்டா வளர்றது நின்னுபோகும்."
கரண்டியைத் திருப்பினார்.
"இங்க டாக்டரும் வளருதுன்னுதான் சொல்றாங்க, அப்ரார்.
தொட்டா நிக்குமான்னு திங்கக்கிழமை தெரியும்."

அன்று சனி.

பைக்கில் ஏற்றிப் பாலாற்றுக்கு இறக்கினேன்.
கடற்கரை என்று எங்களிடம் இருப்பது இதுதான்.
கருவேலம், லாரிச் சக்கரத் தடம்,
ஸ்டம்புக்குப் பதில் மூன்று செங்கல்,
தோல் ஷாப்பு வாடை.
குத்தவைத்து உட்கார்ந்து
ஒரு பிடி மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.
துப்பவில்லை.

"தண்ணி எப்ப இறங்கிச்சு?"
"ஆறு வருஷம் இருக்கும்."
"அவ்வளவு நீள வற்றமா!"

எனக்குச் சிரிப்பு வந்தது.
செத்த ஆறு இது, என்றேன்.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்,
பேருந்து பாலமேறும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல்.
அவர் மணலைத் தட்டிவிட்டார்.
"வற்றத்துல யாரும் படகை விக்க மாட்டாங்க.
சாய்ச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்போம்."
பிறகு புதர் மண்டிய திட்டுகளை
விரல் நீட்டி எண்ணினார்.
ஏழு தீவு.
மூன்றாவதில் ஓர் எருமை குடியிருந்தது.

ஞாயிறு வள்ளிமலை.
குகை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை,
என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை.
குரங்குக்குப் பயந்து பொரி வாங்காமல் ஏறினோம்.
பாறையில் வரிசையாய்ச் சம்மணமிட்ட சமணர்கள்,
ஆயிரம் வருஷமாக ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார்.
"தொடலாங்க. இது வளராது," என்றேன்.
ஒரு சிலையின் முழங்காலில்
உள்ளங்கையை வைத்தார்.
ரொம்ப நேரம் எடுக்கவில்லை.
இறங்கும்போது பேசவும் இல்லை.

திங்கட்கிழமை பற்றி நான் கேட்கவில்லை.
பதினொரு நாள் கழித்துக் கணக்கு முடித்தார்.
மரியபுஷ்பம் அக்கா சக்கர நாற்காலியில்,
மடியில் ஃபைல், ஃபைல் மேல் ஒரு தூக்குவாளி.
"எங்கள விட்டுட்டு ஆத்தைப் பாத்தீங்களாமே" என்றார்.
"ஒண்ணுமில்ல புஷ்பம், வற்றம்," என்றார் இவர்.
"வற்றம்தான்."
அட்வான்சில் நூற்றைம்பது பாக்கியிருந்தது.
வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் ஊரே பாலத்தின் மேல்,
ஆளுக்கொரு செல்போன் தூக்கியபடி.
கீழே செம்மண் நிறத்தில்
கரைக்குக் கரை,
ஏழு தீவையும் விழுங்கிக்கொண்டு.
எருமைக்காரர் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.
அடியில் ஒரே சொல்: ஏற்றம்.

ஒற்றை டிக்.
தீவில் சிக்னல் அப்படித்தான், 
மழையென்றால் மூன்று நாளாகும் என்று
அவரே சொல்லியிருக்கிறார்.
இன்று எட்டாம் நாள்.
நூற்றைம்பது ரூபாய்
அவர் பெயர் எழுதிய கவரில்
மேஜைக்குள் இருக்கிறது.