புள்ளி நான்கு ஒன்று

பகலெல்லாம் நெஞ்சக நோய்ப் பிரிவில்
மனிதர்களை ஊதவைப்பது என் வேலை.
இழுங்க, நல்லா இழுங்க, நிறுத்துங்க,
இப்ப ஊதுங்க, இன்னும், இன்னும், இன்னும்
என்று பதினோரு வருஷமாய்க் கத்தியதில்
என் தொண்டையே ஒரு கருவி.

அந்தச் சனிக்கிழமை
என் வண்டியை ஊதவைக்கப் போனேன்.

இரண்டே இருக்கை. மேல்மூடி கிடையாது.
இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துச் சிவப்பு.
இருங்காட்டுக்கோட்டையில் அதைப் பந்தயம் ஓட்டிய முதல் சொந்தக்காரர்
வேகத்துக்குத் தடையென்று தோன்றியதையெல்லாம்
அறுத்து எறிந்திருந்தார்:
சைலன்சரை, புகை வடிகட்டும் தேன்கூட்டை,
கடைசியில் தன் வங்கி வேலையையும்.
என்னிடம் வந்தபோது அடியில் ஒரே நேர்க்குழாய்.
சாவியைத் திருப்பினால்
அயனாவரத்தில் எங்கள் தெருவின்
மூன்று நாய்களும் எழுந்து நிற்கும்.

எஃப்.சி.க்கு ஒன்பது நாள் இருந்தது.

பாடி மேம்பாலத்தருகே பெட்ரோல் பங்க் ஓரம்
தகரக் கூண்டில் ஜெபராணி.
துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு
குழாய்க்குள் கம்பியைச் செருகினாள்.
நான் நோயாளி வாயில் வைப்பேனே, அதே அலட்சியம், அதே கவனம்.
“ரெண்டு புள்ளி எட்டு அக்கா.
அரைக்கு மேல போகக் கூடாது.”
பிறகு குரலைத் தாழ்த்தி:
“பின்னாடி நிக்கிற ஆல்டோல கம்பிய விட்டு
உங்க நம்பர் பிளேட்ட படம் எடுத்துக்கறேன்.
முந்நூறு குடுங்க.”

போன மாதம் ஒருவர் வந்தார்.
தொழிற்சாலை வேலைக்குத் தகுதிச் சீட்டு வேண்டும்.
தனக்குப் பதிலாக ஊத
தம்பியைக் கூட்டி வந்திருந்தார்.
இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே கட்டம் போட்ட சட்டை.
திருப்பி அனுப்பினேன்.

முந்நூறைக் கையில் எடுத்தும் விட்டேன்.
மறுபடி பைக்குள் வைத்தேன்.

புதுப்பேட்டையில் கவுஸ் பாஷா
அலமாரியிலிருந்து ஒவ்வொரு தேன்கூடாய் எடுத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி.
“இது செத்துடுச்சு. இதுவும்.
இது ஐக்கானோடது, உயிரு இருக்கு.”
வண்டிக்கு அடியில் படுத்தவர்
படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார்.
“இந்த வெல்டிங் என் கைம்மா.
அறுத்தவனே நான்தான்!
அப்ப அறுக்க எண்ணூறு வாங்கினேன்,
இப்ப வைக்க எட்டாயிரம்.”
ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒத்துக்கொண்டார்.
ஜெட்டைச் சின்னதாக்கி, பிளக் நான்கையும் மாற்றி
ஒரே ஒரு எச்சரிக்கை:
“சூடா இருந்தாதான் வேலை செய்யும். ஆற விடாத.”

மதுரவாயல் பைபாஸில் மூன்றாம் கியரிலேயே
இருபது நிமிஷம் கதறக் கதற ஓட்டி
பாடிக்கு வந்தால் முன்னால் ஏழு ஆட்டோ.
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
மே மாதம். மேல்மூடி இல்லாத வண்டி.
சூடு காட்டும் முள்ளும் நானும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முறை வந்தது. பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.
“மிதிக்காதீங்க அக்கா.
சும்மா விடுங்க. அது பாட்டுக்கு விடட்டும்.”

சும்மா.
பதினோரு வருஷத்தில்
யாரிடமும் நான் சொல்லாத சொல்.

புள்ளி நான்கு ஒன்று.
ஜெபராணி கட்டைவிரலை உயர்த்தினாள்;
பிரின்டரில் மை மங்கல்,
என் சிவப்பு காகிதத்தில் சாம்பலாக இருந்தது.

இரவு தெருவுக்குள் நுழைந்தபோது
ஒரு நாய் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து மூடியது.
கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.
நேர்க்குழாயைப் பழைய போர்வையில் சுற்றி
கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். விற்க மாட்டேன்.

திங்கட்கிழமை கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்தார்.
தம்பி இல்லை.
உட்காரவைத்தேன். மூக்குக்குக் கவ்வி மாட்டினேன்.
வழக்கம்போல் கத்தினேன், கத்தாமல் முடியாது,
அதுதான் முறை.
ஆனால் அதற்கு முன்னால்
இரண்டு நிமிஷம்
அவரைச் சும்மா மூச்சு விடச் சொன்னேன்.

எண் வந்தது.
அதை இங்கே எழுதமாட்டேன்.