வெற்றுச் சலவை

இந்த ஊரில் மழலையர் பள்ளியில் வேலை செய்பவளைக்
குழந்தைகள் அத்தை என்றுதான் கூப்பிடும்.
தீயா.
நாளை காலை எட்டரைக்கு
நானும் ஒரு தீயா.
நீரிணைக்கு அக்கரையில் நெருப்பு நிலம்
மேகத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது.
இக்கரையில், பூந்தா அரேனாஸில்,
நாற்பத்துமூன்று வயதில்
நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒட்ட வெட்ட வேண்டும்.
மோதிரம் கூடாது, தொங்கட்டான் கூடாது,
சென்ட் கூடாது.
பதினேழு வருஷம் நண்டு உடைத்த விரல்கள்.
ராஜநண்டின் முள் ஏறிய தழும்புகள்
எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.
பயிற்சி வகுப்பில் இந்த இரண்டு விரல்களைத்தான்
ரப்பர் குழந்தையின் நெஞ்சில் வைத்து
அழுத்தச் சொன்னாள் தனிட்சா.
அவளுக்கு வயது இருபத்தாறு, எனக்கு மேலதிகாரி.
"இன்னும் ஆழமா, மிரேயா. பயப்படாதீங்க."
முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு.
முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு.
அதன் வாயில் கிருமிநாசினி வாசனை.
அன்று இராத்திரி எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.
குட்டி நாற்காலியில் முட்டி காதைத் தொட உட்காருவது.
முடிச்சுப் போட்ட கயிற்றை
ஆளுக்கொரு முடிச்சாகப் பிடிக்கவைத்துத் தெருவைக் கடப்பது.
(பெருங்காற்று வீசும் நாளில் பெரியவர்களுக்கும்
கடைத்தெருவில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் போவார்கள்.)
"அழாதே" என்று சொல்லாமல் இருப்பது.
இதுதான் கடினம்.
நாக்கு நுனியிலேயே நிற்கிறது அந்தச் சொல்;
என் பிள்ளைகள் இருவரையும்
அந்த ஒரு சொல்லாலேயே வளர்த்து முடித்துவிட்டேன்.

போன வாரம் வீடு பார்க்கப் போனோம்.
மேட்டுத் தெரு, தகரச் சுவர், மஞ்சள் வண்ணம்.
தனிட்சா பேசமாட்டாள்; நான்தான் கேட்க வேண்டும்.
படிவம் என் மடியில்.
நயாடெத் என்ற அந்தப் பெண்
பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்,
இடுப்பில் வைத்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள்,
ஒரு தடவைகூட இறக்கிவிடவில்லை.
இரண்டு வயது. எலியேசர்.
என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் கேள்வி: வீட்டில் யார் யார்?
அவள் என் பேனாவைப் பார்த்தாள்.
"படிவத்துக்கா, உங்களுக்கா?"
பயிற்சிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.
மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தேன்.
தனிட்சா இருமினாள்.
அதற்கப்புறம் அவள் சொன்னதை
இங்கேயும் எழுதப்போவதில்லை.

கிளம்பும்போது, வாசலில்,
காற்று பிடுங்கிய கதவை இழுத்துப் பிடித்தபடி கேட்டேன்,
பத்தொன்பதாம் கேள்வி:
எது அவனைச் சமாதானப்படுத்தும்?
பொம்மை என்பாள், பாட்டு என்பாள் என்று நினைத்தேன்.
"வாஷிங் மெஷின்," என்றாள்.
"துணி பிழியும்போது வருமே, அந்தச் சத்தம்.
கடைசி ஐந்து நிமிஷம்.
முன்னால் உட்காரவைத்தால் தூங்கிப்போவான்."
சிரித்தாள். முதல் தடவை.
"அது கெட்டுப்போய் ஒரு மாதமாச்சு."

இப்போது மணி பதினொன்று.
உள்ளே துணி எதுவும் இல்லை. வெறும் தண்ணீர்.
சமையலறையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
அவன் உயரத்துக்கு.
இங்கிருந்து மேசையின் அடிப்பக்கம்தான் தெரிகிறது;
யாரோ எப்போதோ ஒட்டிய சூயிங்கம்,
பிதுங்கிய ஆணி,
அப்பால், பிடி எட்டாத கதவு.
"இந்நேரத்தில் என்ன துவைக்கிறாய்?"
படுக்கையறையிலிருந்து ரெமிஹியோ.
"ஒன்றுமில்லை."
உண்மைதான்.

பிழியத் தொடங்குகிறது.
முதலில் ஒரு முனகல், பிறகு
தரை என் முழங்காலுக்குள் ஏறுகிறது.
கைபேசியைக் கண்ணாடி வட்டத்தருகே நீட்டிப்
பதிவு செய்கிறேன்.
வெளியே காற்றும் இதே சுருதியில்.
எது எதென்று என்னால் பிரிக்க முடியவில்லை,
அவனால் முடியும்.

நாலு நிமிஷம் நாற்பது நொடி.
நடுவில் என் தும்மல் ஒன்று விழுந்துவிட்டது.
இருக்கட்டும்.