பகுதி ஒன்று, உட்பிரிவு நான்கு

மரிபோரில் எங்கள் தொழிற்சாலை செய்வது
அடைத்த குழாயைத் திறக்கும் ஒரு திரவம்.
எரிசோடாதான், வேறொன்றும் பெரிதாக இல்லை.
எலுமிச்சை வாசனை மட்டும் எங்கள் சேர்க்கை.
அதன் பாதுகாப்புத் தாளில் பதினாறு பகுதிகள்.
எல்லாவற்றையும் ரசாயனம் படித்தவர்கள் எழுதுவார்கள்.
என்னிடம் வருவது ஒரே ஒரு வரி:
அவசரத் தொலைபேசி எண்.

நாட்டுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு எண்.
எரிசோடா எல்லாத் தோலையும் ஒரே மாதிரிதான் தின்னும்.
ஆனால் எரிகிற கண்ணோடு நிற்பவனுக்கு
அவன் மொழியில் யாராவது
ஹலோ சொல்ல வேண்டும்.

இருபத்தாறு நாடுகள்.
நவம்பரில் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்பேன்.
யாரும் செய்யச் சொன்னதில்லை.
போன் பில்லைப் பார்த்து போஷ்த்யான்
புருவத்தை உயர்த்துவதோடு சரி.

ஹெல்சிங்கியில் எடுத்தவளுக்குத் தூங்காதவர்களின் தெளிந்த குரல்.
லிஸ்பனில் பெயருக்கு முன்னால் வயதைக் கேட்டார்கள், பிறகு எடையை.
சோஃபியாவில் பின்னால் யாரோ தும்மினார்கள்.
"ஒன்றும் நடக்கவில்லை, எண்ணைச் சரிபார்க்கிறேன்" என்பேன்.
மறுமுனையில் ஒரு மூச்சு இறங்கும்.
அதைக் கேட்பதற்காகவே அழைக்கிறேனோ என்னவோ.

லாட்வியா.
எடுத்தது ஓர் ஆண். காற்றடிக்கும் யந்திரம் இரைந்தது.
விஷ முறிவு மையமா?
டயர் கடை, என்றான். தௌகவ்பில்ஸ்.
பனிக்கால டயர் வேண்டுமா?

தாளைப் பார்த்தேன்.
ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.
மார்ச் பதிப்பில் நான் தட்டிய ஏழு.

மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன்.
"இரு," என்றான், இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.
"அப்படியென்றால் அந்தப் பெண்
உங்களைத்தான் தேடினாளா?"

ஆகஸ்ட். ஞாயிறு.
கடையை மூடிவிட்டு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.
ஒரு பெண். அவள் பையன் பாட்டிலைத் திறந்துவிட்டான்.
முகத்தில், கண்ணில்.
ஜூஸ் என்று நினைத்தானாம்.
பின்னால் குழந்தை கத்திய கத்தலில்
"இது டயர் கடை" என்று சொல்ல
வாய் வரவில்லை அவனுக்கு.

என்ன சொன்னீர்கள்?

"தண்ணீர் என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?
பேட்டரி அமிலம் தெறித்தால் நாங்கள் செய்வது அதுதான்.
குழாயடியில் பிடி. விடாதே.
அவன் உன்னை அடித்தாலும் விடாதே.
கடிகாரத்தை நான் பார்க்கிறேன், நீ அவனைப் பார்.
விலாசம் கேட்டு இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.
இருபது நிமிடம் எண்ணினேன்.
கதவு திறந்த சத்தம். ஆட்களின் குரல்.
அப்புறம் லைன் போய்விட்டது."

நான்காம் பகுதி என் மேசையில் திறந்து கிடந்தது.
கண்ணில் பட்டால்: பல நிமிடங்கள்
நீரால் கவனமாகக் கழுவவும்.
எல்லாம் இருக்கிறது அதில்.
அவன் அடித்தாலும் விடாதே என்பது மட்டும்
எந்தப் பதிப்பிலும் இல்லை.

"பையன் இப்போது எப்படி—"
இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.
இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.
யந்திரம் இரைந்துகொண்டிருந்தது.
பெயர் கேட்டேன். வியெஸ்துர்ஸ்.
எழுத்துக் கூட்டிச் சொன்னான், நான் ஒவ்வோர் எழுத்தையும்
இரண்டு முறை திருப்பிச் சொன்னேன்.

ஏழு போனது, ஒன்று வந்தது. பதிப்பு 5.3.
திருத்தத்தின் காரணம் என்ற கட்டத்தில்
"தட்டச்சுப் பிழை" என்று போட்டேன்.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

பிறகு சரியான எண்ணை அழைத்தேன்.
இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.
ரீகா, ஒரு பெண்குரல், லாட்விய மொழியில் ஏதோ கேள்வி.
"ஒன்றும் நடக்கவில்லை" என்று
நான் வழக்கமாகச் சொல்லும் இடம் அது.

ஆகஸ்ட், என்று ஆரம்பித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை.
தௌகவ்பில்ஸில் ஒரு சிறுவன்.