குளம்புக்குக் கீழே

பெருநாள் மலருக்குக் கோயில் வரலாறு
இரண்டு பக்கம் போதும் என்றார் பங்குச் சுவாமி.
மூன்று கிழமையாய் எழுதுகிறேன்.
இன்னும் குதிரையைத் தாண்டவில்லை.

போர்த்துக்கல்லின் முடியும்
எசுப்பானிய ராசாவின் தலையில் இருந்த நாளில்
கப்பலேறி வந்தவர் எங்கள் சந்தியோகுமையோர்.
அங்கே அவருக்கு என்ன பெயரோ,
உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி
இங்கே இறங்கும்போது இப்படியாகிவிட்டது.
பாலியாறு கடந்து
நாவல்வெட்டைக்கு மாட்டுவண்டியில் வந்தார்:
வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள்,
குளம்புக்குக் கீழே
தலைப்பாகையோடு ஓர் ஆள்.

அது அவர்கள் நாட்டுச் சண்டை.
எங்களுக்கு அந்த ஆளைத் தெரியாது.
பிசாசு என்றார்கள்.
காய்ச்சல் பரவிய ஆண்டில், இவன்தான் காய்ச்சல் என்று
துப்பிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஒல்லாந்தர் வந்து கோயிலைப் பூட்ட
சுரூபத்தைப் பாலைமரப் பொந்தில் ஒளித்தார்களாம்.
கோவாவிலிருந்து சுமைகூலி வேடத்தில் வந்த குருவானவர்
நடுச்சாமத்தில் பூசை வைத்தாராம்.
எழுத்தில் ஒன்றும் இல்லை.
குதிரைக்கு இடது காது இல்லை, அதுதான் சாட்சி.

கறையான் விட்டுவைத்த கணக்கேட்டில் ஒரு பக்கம்:
'கூரை வேலைக்குச் சுண்ணாம்பு நாற்பது கடகம்.
உதுமான் மரைக்கார். இனாம்.'

அந்த மரைக்காரின் பேரனுக்குப் பேரன் அபுசாலி.
ஆடி மாதத் திருவிழாவுக்குக் கோயில் வாசலில் சர்பத் வண்டி.
பாட்டுக்குழுப் பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டார்.
ஒவ்வொரு வருசமும் எட்டி உள்ளே பார்த்து
ஒரே கேள்வி:
"அந்தாள் இன்னும் எழும்பேல்லையோ?"
நாங்கள் சிரிப்போம்.
அவரும் சிரிப்பார்.

தொண்ணூறு ஒக்டோபர்.
கையில் கொள்வதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள் அவர்களை.
நாங்கள் கோயில் கதவைச் சாத்திக்கொண்டு
செபமாலை சொன்னோம்.
வெளியே நடக்கும் காலடி கேளாதபடிக்குச்
சத்தமாய்ச் சொன்னோம்.
பூட்டின கதவுக்கு வெளியே
சர்பத் வண்டி மதிலோடு நின்றது.
இரண்டு மாரி நனைந்தது.
பிறகு மூப்பர் பஸ்தியாம்பிள்ளை வீட்டில் விறகாய் எரிந்தது.
இதை மலரில் போடமாட்டார்கள்.

எட்டாம் ஆண்டு எங்கள் முறை.
கிழக்கே போனோம், போனோம்,
போக இடமில்லாத இடம் வரைக்கும்.
திரும்பி வந்தபோது கூரை இல்லை.
இடுப்புக்கு மேல் சந்தியோகுமையோர் இல்லை.
குதிரை மூன்று துண்டு.
கீழே கிடந்தவர் மட்டும் முழுசாய்,
முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல்
வானத்தைப் பார்த்தபடி.
விரித்த உள்ளங்கையில் மழைத்தண்ணீர்.
அதில் ஒரு தவளைக்குஞ்சு.

புதுச் சுரூபத்துக்கு நீர்கொழும்பில் சொல்லிவைத்தோம்.
சிற்பி ரெலிபோனில் கேட்டான்:
"கீழ ஆள் வேணுமா?"
சபையில் பதினொரு பேர் இருந்தோம்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
கடைசியில் எமிலியானா ரீச்சர்
"புல்லு வையுங்கோ" என்றா.

பழைய ஆள் இப்போது சாமான் அறையில்
உடைந்த மெழுகுதிரித் தட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறார்.
எறியவும் மனமில்லை,
நிமிர்த்தி வைக்கவும் ஒருவருக்கும் துணிவில்லை.

போன ஆடியில் புத்தளத்திலிருந்து வந்திருந்தார் அபுசாலி.
தாடி முழுக்க வெள்ளை. புது வண்டி.
வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்,
குதிரையை, பிறகு புல்லை.
அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
சர்பத் ஊற்றி நீட்டினார்.
நூறு ரூபாத் தாளை வாங்கி
மிச்சம் முப்பதை
எண்ணித் தந்தார்.