வரிசை எண் பதினேழு

திறக்க ஆறு சுற்று.
மூட ஐந்தரை.
கேட்டால், நட்டு தேய்ஞ்சிருச்சு என்பேன்.
புங்கனஅள்ளி ஊராட்சியில்
மேல்நிலைத் தொட்டி இயக்குபவன் நான்.
சம்பளப் பட்டியலில் அப்படி.
ஊருக்குள் தண்ணிக்காரன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒருநாள்
கோலமாவால் ஊரை வரைந்தார்கள்.
பாலக்கோட்டு ஒன்றிய ஆபீசிலிருந்து வந்த பெண்
உங்க திட்டத்தை நீங்களே போடுங்க என்றாள்.
ரோட்டுக்குச் செங்கல்பொடி,
குழாய்க்கு நீலம்,
கோயிலை மட்டும் மூன்று பேர் மூன்று இடத்தில் வரைந்தார்கள்.
நரசையன் கொட்டாய் வருவதற்குள் மாவு தீர்ந்துபோய்
சாலம்மா வீட்டிலிருந்து
கேழ்வரகு மாவு கொண்டுவந்து
பதினாலு வீடும் வைத்தாள்.
மதியச் சாப்பாட்டுக்குள்
கோழிகள் கொட்டாயைத் தின்றுவிட்டன.

ஆனாலும் நோட்டில் ஏறியது:
வரிசை எண் பதினேழு.
கிழக்கு வளைவிலிருந்து கொட்டாய்வரை
நானூற்றுப் பத்து மீட்டர் குழாய்,
பொதுக்குழாய் இரண்டு.
கைதட்டினோம். டீ வந்தது.

அந்த வருசமே தேர்தல்.
இளஞ்சிவப்புச் சீட்டை
வார்டு வார்டாய்க் கட்டிவைத்து எண்ணியதில்
முனிரத்தினம் ஜெயித்தது ஆறே ஓட்டில்.
என் ஓட்டும் அந்த ஆறில் ஒன்று.
பூட்டுசாவிக்குக் கொட்டாய் எத்தனை போட்டது என்று
சீட்டுக்கட்டு சொல்லிவிட்டது.
கழுத்து மாலை வாடுவதற்குள்
மோட்டார் ரூமுக்கு வந்தார்.
'கிழக்கே இனிமே அரைமணி போதும்பா.'
காரணம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அரைமணியில் மூடினேன்.
ஐந்தரைச் சுற்று.

பதினேழு மறுவருசம் இருபத்திமூன்று ஆனது.
அதற்கடுத்து முப்பத்தியொன்று.
நடுவில் வந்து உட்கார்ந்தன
தலைவர் தெருவுக்குச் சிமெண்டுக் கல்,
சுடுகாட்டுக்கு வளைவு,
வளைவுக்கு விளக்கு.
நாலாம் வருசம் திடீரென்று ஒன்பது.
ஐந்தாம் வருசம் ஒன்று!
தேர்தல் எத்தனை மாசத்தில் என்று
பேப்பர் படிக்கத் தேவையில்லை,
தீர்மான நோட்டைப் புரட்டினால் போதும்.

ராத்திரியோடு ராத்திரியாய் ஜேசிபி வந்தது.
நானூறு மீட்டர் பள்ளம்.
மீதிப் பத்து மீட்டரில்
கோவிந்தப்பன் வேலி, கோவிந்தப்பன் வழக்கு.
குழாய் ஏற்றிய டிராக்டர்
புளியமரம்வரை வந்தபோது
செய்தி வந்தது: தேர்தல் இப்போ இல்லை.
டிராக்டர் திரும்பியதை நான் பார்த்தேன்.
ரிவர்ஸ் எடுக்க இடமில்லாமல்
வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தது.

பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார்.
பதினோரு ஊருக்கு அவர் ஒருத்தர்.
பள்ளம் எந்தக் கணக்கில் என்று கேட்டார்.
யாருக்கும் தெரியவில்லை.
பள்ளத்தில் ஆடு விழுந்தது, ஒரு டிவிஎஸ் விழுந்தது,
ஐப்பசி மழை விழுந்தது.
ஈரம் காயும் முன்னே சாலம்மா
கரைநெடுக மொச்சை ஊன்றிவிட்டாள்.
கார்த்திகையில் பூ.
நானூறு மீட்டருக்கு வெள்ளைப் பூ.

இப்போது மறுபடி பேச்சு அடிபடுகிறது.
முனிரத்தினம் ஒருபக்கம் டேப் பிடிக்க
எதிர்க்கட்சிக்காரன் மறுபக்கம் டேப் பிடிக்க
இரண்டு பேருமே நாளைக்கே குழாய் என்கிறார்கள்.
போர்த்தண்ணி குடித்துக் கறையேறிய பல் தெரிய
சாலம்மா சிரிக்கிறாள்.
'தை பொறந்து காய் பறிச்சுக்கறேன், அப்புறம் போடுங்க.
அவசரம்னா
எலெக்சனைத் தள்ளி வைங்க,
உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.'

அன்று சாயங்காலம் முனிரத்தினம் என்னிடம் வந்தார்.
வளைவுக் குழாய் ராத்திரியெல்லாம் ஒழுகுதாமே,
கொட்டாய்க்காரங்க வரிசையா குடம் வெச்சிருக்காங்களாமே.
நட்டுதானே, என்ன பெரிய செலவு,
இந்த வருசத் திட்டத்தில்
உன் பேரிலேயே சேர்த்துடலாம் என்றார்.

சாவியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
வேண்டாங்க.
அது திட்டத்தில் வேண்டாம்.